லயத்த எடுத்துட்டா அது எங்க கோச்சி இல்ல

"கோச்சி நல்லா இருக்கு தம்பி. பாலமும் நல்லா இருக்கு. பின்னால நிக்கிற அந்த லயத்த மட்டும் எடுத்துருங்க. பார்க்க ஒரு மாதிரியா இருக்கு. அந்த எடத்துல தேயிலைச் செடி வைங்க, இல்லாட்டி ஒரு பங்களா வைங்க. சனத்துக்குப் பிடிக்கும்."

ஒரு கண்காட்சிக்கு எங்கள் மாடலைத் தெரிவு செய்ய வந்தவர் சொன்னது இது. எந்தக் கண்காட்சி, யார் அவர் என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. நல்ல மனுசன்தான். தேத்தண்ணி குடிச்சிட்டு, ஒவ்வொருத்தருடைய படிப்பையும் விசாரிச்சிட்டுத்தான் போனார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. பிரச்சினை என்னவென்றால், அவர் சொன்னதை எங்களைச் சுற்றியிருக்கிற பாதிப்பேர் நியாயம் என்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள். "ஏன் வீம்பு? எடுத்துட்டு வச்சா என்னா? அங்க லயத்த யாரு தேடப்போறா?"

நாங்கள் எடுக்கவில்லை. மாடல் கண்காட்சிக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று இரண்டு வாரமாக ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக விளக்கி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறோம்.

முதலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். யட்டவத்தயில், எங்களில் ஒருத்தியின் வீட்டு மாட்டுக்கொட்டிலில் (மாடு இல்லாமல் போய் நாலு வருசம்), ஆறு பேர் சேர்ந்து ஒரு சின்ன ரயில் பாதையும் அதில் ஓட ஒரு நீராவி எஞ்சினும் செய்துகொண்டிருக்கிறோம். பாதை நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு காலத்தில் ஓடிய உடப்புசல்லாவ சின்ன லைனின் ஒரு துண்டு. 1903, 1904 ஆண்டுகளில் திறந்த பாதை. ஏறத்தாழ 19 மைல். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். மாத்தளைக்கு வருகிற கோச்சி ஓடுகிற அகலப்பாதை ஐந்தரை அடி. பாதிக்கும் குறைவு.

மாத்தளைக் கோச்சியைச் செய்யாமல் ஏன் இராகலைக்குப் போனீங்க என்று கேட்கிறார்கள். மாத்தளைக் கோச்சிய பார்க்கணும்னா மாத்தளைக்குப் போனா நிக்குது. இருக்கிற சாமானுக்கு மாடல் எதுக்கு? சின்ன லைன் இல்லாமல் போய்விட்டது. 1948ல் மூடினார்கள். தண்டவாளத்தைக் கழற்றினார்கள். இன்றைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களில் நூற்றுக்கு ஒருத்தருக்குக்கூட கந்தப்பளையில், 6,000 அடிக்கு மேலே, ஒரு கோச்சி ஸ்டேசன் இருந்தது தெரியாது.

ஏன் சின்ன லைன் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. அகலப்பாதைக்கு வளைவு பெரிசாக வேண்டும். மலையில் பெரிய வளைவென்றால் மலையை வெட்ட வேண்டும், சுரங்கம் குடைய வேண்டும், பெரிய பாலம் போட வேண்டும். பாதையின் அகலம் குறைந்தால் பெட்டி சின்னதாகும், எஞ்சின் இலேசாகும், தண்டவாளம் மெல்லிசாகும், வளைவு இறுக்கமாகும். மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே ஏறிவிடலாம். மண் வெட்டுவது குறையும், செலவு குறையும். டார்ஜிலிங்கில் இரண்டடிப் பாதை போட்டதும் இந்தக் கணக்கில்தான். பார்க்க அழகாக, பொம்மை மாதிரி இருக்கிறது என்று இன்றைக்கு எல்லாரும் கொஞ்சுகிறோம். அந்தச் சின்னத்தனம் துரைமார் போட்ட செலவுக் கணக்கு. மேலே அரிசியும் உரமும் போக வேண்டும், கீழே தேயிலைப் பெட்டி வர வேண்டும். அதற்கு எது மலிவோ அது. லொறி மலிவானதும் அதே கணக்கு பாதையை மூடியது.

இலங்கை ரயிலின் வரலாறே அப்படித்தான். 1864 டிசம்பர் 27 கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில். 1867ல் கண்டி. 1880ல் மாத்தளை. 1885ல் நானு ஓயா. இதெல்லாம் ஆட்களுக்காகப் போட்ட பாதை அல்ல, கோப்பிக்காகப் போட்டது. கோப்பி நோய் விழுந்து செத்ததும் தேயிலைக்காக நீட்டினார்கள். மாத்தளைக்குக் கோச்சி வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் எப்படி வந்தார்கள்? மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக, தம்புள்ளையைத் தாண்டி, மாத்தளை வரை நடந்து. வழியில் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. 2023ல், இருநூறு வருச நினைவாக, ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தப் பாதையைத்தான் திரும்ப நடந்தது. கடைசி நாளில் எங்களில் மூன்று பேர் மாத்தளையில் நின்றோம். காலில் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்தோம். இந்த மாடல் பற்றிய பேச்சு முதன்முதலாக அன்று மாலை பஸ்சுக்குக் காத்திருந்தபோதுதான் வந்தது. கோப்பி கோச்சியில் போனது, ஆள் நடந்து வந்தது. இதைக் கட்டுரையாக எழுதினால் செமினாரில் தலையாட்டுவார்கள். கையால் செய்து வைத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. நடந்தது இதுதான்: லயத்தை எடு என்றார்கள்.

இனி லயத்துக்கு வருகிறோம். சண்டை அதில்தான்.

எங்கள் அளவு 20க்கு 1. வசதியான அளவு: இரண்டரை அடி என்பது 30 அங்குலம், அதை 20ஆல் வகுத்தால் சரியாக ஒன்றரை அங்குலம். தண்டவாள இடைவெளி அது. 19 மைலையும் செய்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் வரும், யட்டவத்த டவுனுக்கே போய்விடலாம். நாங்கள் செய்தது 24 அடி. அதாவது அசலில் 480 அடி. ஒரு வளைவு, ஒரு சின்னப் பாலம், அதற்கு மேலே ஒரு லயம்.

ஒரு லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. எங்கள் அளவில் 6 அங்குலத்துக்கு 7.2 அங்குலம். பன்னிரண்டு காம்பரா ஒரு வரிசையில் வைத்தால் 72 அங்குலம், ஆறடி. எஞ்சின் எவ்வளவு? அசலில் இருபத்தைந்தடி என்று வைத்துச் செய்ததில் 15 அங்குலம். செய்து மேசையில் வைத்தபோதுதான் எங்களுக்கே உறைத்தது. இவ்வளவு நாளும் கோச்சி பெரிசு, லயம் சின்னது என்றுதான் மனசில் இருந்தது. ஏனென்றால் படத்தில் எல்லாம் கோச்சி முன்னால் வரும், லயம் இருந்தால் மூலையில் ஒரு சாம்பல் கோடு. அளவு போட்டு வைத்தால் லயம் எஞ்சினைப் போல ஐந்து மடங்கு நீளம். அதை மறைப்பதற்கு வழியே இல்லை. சரியான அளவில் மலையகத்தைச் செய்கிற எவரும் முதலில் செய்ய வேண்டிய கட்டடம் லயம்தான், அதைச் செய்தபிறகு மேசையில் மிஞ்சுகிற இடத்தில்தான் மற்றதெல்லாம்.

சுவருக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. கூரைக்கு பிஸ்கட் டின் தகரம். பெரிய போல்ட்டின் மரைமேல் வைத்து அழுத்தி அழுத்தி நெளி எடுத்தோம், ஒரு காம்பராக் கூரைக்கு ஒரு பின்னேரம் போனது. ஒரு காம்பராவுக்கு மட்டும் கூரையைத் திறந்து மூடுகிற மாதிரிச் செய்து, உள்ளே ஆட்களை வைத்தோம். ஐந்தடி ஆள் எங்கள் அளவில் மூன்று அங்குலம். களிமண்ணில் எட்டுப் பேர் செய்தோம்: அப்பா, அம்மா, அப்பாயி, பிள்ளைகள் நாலு, ஒரு சித்தப்பா. எங்கள் வீடுகளில் ஒன்றில் அசலாக இருந்த கணக்கு அது. வெறும் தரையில் எட்டுப் பேரும் படுத்தார்கள், இடம் இருந்தது. பிறகு அடுப்பை வைத்தோம். விறகை வைத்தோம். ட்ரங்குப் பெட்டி, சாமி படம், தண்ணீர்ப் பானை, கொழுந்துக் கூடை இரண்டு. சித்தப்பா இஸ்தோப்புக்குப் போனார். பிறகு மூத்த பையன். புதுசாகக் கல்யாணம் முடித்த ஒரு சோடிக்கு அந்தக் காம்பராவிலேயே எங்கே இடம் என்று யாரோ கேட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்களில் இருவர் அப்படிப்பட்ட காம்பராவில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது கணக்கு இல்லை.

இதைத்தான் "ஒரு மாதிரியா இருக்கு" என்றார் வந்தவர். ஆமா, ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வெளியே நின்று பார்த்த அவருக்கு ஐந்து நிமிசம் ஒரு மாதிரியாக இருந்திருக்கிறது. தோட்ட மக்களில் பெரும்பகுதி இன்றும் லயத்தில்தான் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் தேயிலையை விட றப்பரும் கொக்கோவும் மிளகும் அதிகம், ஆனால் லயம் லயம்தான், பயிரைப் பார்த்து அது மாறுவதில்லை. கோச்சி போய் எழுபது வருசத்துக்கு மேலாகிவிட்டது, லயம் நிற்கிறது. நாங்கள் பழைய காலத்தை மாடல் செய்கிறோம் என்று நினைத்தோம். பாதி மாடல் இன்றைக்கு நடக்கிற விசயம். அதனால்தான் அதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. முடிந்துபோனதை யாரும் மறைக்க மாட்டார்கள்.

சுற்றுலா அழகு கெடும் என்கிற வாதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். எல்ல ஒடிசி போகிறது, ஆட்கள் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள், தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தில் கூட்டம் நிற்க இடமில்லை. எடுக்கட்டும். நாங்களும் எடுத்திருக்கிறோம். ஆனால் அந்த யன்னலுக்கு வெளியே லயம் வருகிறபோது கெமரா கீழே இறங்குகிறது, அடுத்த வளைவில் பச்சை வந்ததும் மேலே ஏறுகிறது. கொழுந்து பறிக்கிற அம்மா படத்தில் இருக்கலாம், சிரித்தபடி. அவள் பின்னேரம் போய்ச் சேருகிற இடம் இருக்கக் கூடாது. ஹோட்டல் முகப்பறைகளிலும் இப்படி மாடல் பார்த்திருக்கிறோம்: ஸ்டோர் இருக்கும், பங்களா இருக்கும், புல்தரை இருக்கும், பெட்டி நிறையத் தேயிலையோடு ரயில் சுற்றும். பறித்தவள் அங்கே எங்கே தூங்குகிறாள் என்று கேட்டால் பதில் இல்லை. அவள் தூங்குவதே இல்லை போல.

வேறு நாட்டில் எப்படிச் செய்கிறார்கள்? வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். சின்ன ரயில் பாதைகளை ஆர்வலர்கள் காப்பாற்றுகிற பழக்கம் உலகத்தில் தொடங்கியதே அங்கேதான், 1951ல், தாலிலின் என்கிற கற்பலகைச் சுரங்கப் பாதையில். கொஞ்சமும் குறையாத கோச்சிப் பைத்தியங்கள். அதே வேல்ஸில் லான்பெரிஸ் என்ற ஊரில் கற்பலகை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த நாலு வீட்டை இன்னொரு ஊரிலிருந்து கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து திரும்பக் கட்டி, 1861ல் எப்படி இருந்தது, 1901ல் எப்படி, 1969ல் எப்படி என்று வீட்டுச் சாமானோடு வைத்திருக்கிறார்கள். யாரும் அழகு கெட்டது என்று டிக்கட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வளவு தூரம் ஏன், கம்பளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒரு பழைய லயத்துக்குள்ளேயே இருக்கிறது. ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் போட்டுக் கூட்டிப்போனார்கள். கம்பளைக்கு யாரும் கூட்டிப்போனதில்லை, நாங்களாகத்தான் போனோம்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு உதாரணம். திருச்சி பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலைப்பாதைக்கு நிலக்கரியில் ஓடுகிற புது எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சினைக் கட்டி 2021ல் அனுப்பியது. இந்த வகை எஞ்சின்கள் முதலில் சுவிற்சர்லாந்தில் செய்து வந்தவை. நூறு வருசம் கழித்து உள்ளூர்த் தொழிலாளர் அதை முழுசாகப் புதுசாகக் கட்டுகிறார்கள் என்ற செய்தியைப் படித்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டோம். அந்தச் செய்தியும் படமும்தான் எங்கள் கொட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆனால் அதே பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 வேலைநிறுத்தம் செய்த ரயில் தொழிலாளர் மேல் பொலிஸ் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். எஞ்சினைப் பற்றி வந்த எந்த வீடியோவிலும் அது இல்லை. அதனால் அதையும் எழுதிப் பக்கத்தில் ஒட்டினோம். இரண்டும் ஒரே சுவரில் இருக்கலாம், சுவர் விழுந்துவிடாது.

அடுத்தது எங்கள் பக்கத்து ஆட்கள். கெம்பஸில் சில தோழர்கள் மற்றக் கரையிலிருந்து அடிக்கிறார்கள். கோச்சி வெள்ளைக்காரனுடைய சாமான், சுரண்டலின் கருவி, அதை அலங்கரித்து மாடல் செய்வது அடிமைப் புத்தி, லயத்தை மட்டும் செய்திருக்கலாமே என்கிறார்கள். தோழர், மெதுவா. அந்தப் பாதைக்கு மண் வெட்டியவர்களில், கல் உடைத்தவர்களில், தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலிகள் இருந்தார்கள். தண்டவாளத்தைத் துரை தோளில் சுமக்கவில்லை. எஞ்சினை ரசித்தால் துரையை ரசிப்பது என்று யார் சொன்னது? எங்கள் தாத்தாமாருக்கும் கோச்சி பிடித்தது. சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாதை ஓரம் ஓடினார்கள். அந்தச் சந்தோசத்தையும் வெள்ளைக்காரன் கணக்கில் எழுதிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு என்னதான் மிஞ்சும்?

கோச்சி எங்கள் ஆட்களுக்குச் சந்தோசம் மட்டும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறப் போனவர்களை மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப்போனதும் கோச்சிதான். ஸ்டேசனில் விழுந்து புரண்டு அழுத அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பொன்றுக்கு அதுதான் தலைப்பு. எங்களில் ஒருவனுடைய அப்பாயி தன் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அந்த யன்னலில். இப்போதும் ரயில் ஏற மாட்டா, பஸ்தான். எஞ்சின் செய்கிறோம் என்று சொன்னபோது, "செய்யிங்க. ஊதல் மட்டும் வைக்காதீங்கடா" என்றா. வைக்கவில்லை.

1948ஐப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன லைன் மூடிய அதே வருசம், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்தப் பாதை ஓரம் குடியிருந்தவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். ஒன்றினால் மற்றது நடந்ததென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ரயில் விரும்பிகள் அந்த வருசத்தை "பாதை மூடப்பட்ட சோகமான ஆண்டு" என்று எழுதுகிறபோது பல்லைக் கடித்துக்கொள்கிறோம்.

இன்னொரு வகை எதிர்ப்பு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. பொறியியல் படிக்கிற ஒரு அண்ணன், "ஆர்ட்ஸ்காரங்களுக்கு எதுக்கு பொய்லர்? வெடிச்சு மூஞ்சி போகும். சீனாக்காரன் பற்றரி மோட்டர் போட்டு ஓட்டுங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் பாதி சரி.

பொய்லருக்கு இரண்டரை அங்குலச் செம்புக் குழாய் மாத்தளையில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இரண்டு பக்கமும் செம்புத் தட்டு வைத்து மூட வேண்டும். நாங்கள் சாதாரண ஈயப் பற்றாசால் பற்றவைத்தோம். கைக்கு வசமாக வந்தது, பளபளவென்று இருந்தது. எங்கள் கணக்கு இது: 40 இறாத்தல் அழுத்தத்தில் நீராவி ஏறத்தாழ 140 பாகை சூடு, ஈயப் பற்றாசு 180க்கு மேலேதான் உருகும், ஆகவே தாங்கும். தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி. தண்ணீர் குறைந்தால் நெருப்பு நேராகத் தட்டில் அடிக்கும், அப்போது 180 எங்கே நிற்கும்? அதோடு, உருகுவதற்கு முதலே சூட்டில் ஈயம் பலம் இழந்துவிடும். அதைத்தான் அண்ணன் சொல்லவந்தார், மூஞ்சியைப் பற்றிச் சொன்னதால் நாங்கள் கேட்கவில்லை.

நல்லவேளையாக, முதலில் நெருப்பு வைக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரை நிரப்பி இரண்டு மடங்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதைப் படித்திருந்தோம். நீராவியோ காற்றோ அடைத்தால் பிளக்கும்போது வெடித்துச் சிதறும். தண்ணீர் அமுங்காது, பிளந்தாலும் ஒரு பீச்சலோடு முடிந்துவிடும். 80க்குப் பம்ப் அடித்தோம். 60ஐத் தாண்டும்போது பின்தட்டு ஓரத்தில் வியர்வை மாதிரி முத்து முத்தாகத் தண்ணீர். 70ல் பீச்சியது, சட்டை நனைந்தது. எல்லாரும் சிரித்தோம், பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீர் நீராவியாக இருந்திருந்தால் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

வெள்ளிப் பற்றாசு வேண்டும். அது 600 பாகைக்கு மேலே உருகுவது. அந்த வேலை தெரிந்தவர் யார்? நகைப் பட்டறை. மாத்தளையில் ஒரு பத்தர் தாத்தா கேட்டவுடனே சிரித்தார், "கோச்சிக்குத் தாலி செய்யச் சொல்றீங்களா?" ஆனால் செய்து காட்டினார். அவருடைய ஊதுகுழல் சின்னது, செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. கடைசியில் கொட்டிலில் செங்கல் அடுக்கி, நடுவில் பொய்லரை வைத்து, இரண்டு கேஸ் டோர்ச்சால் இரண்டு பக்கமும் அடித்தபிறகுதான் பற்றாசு தண்ணீராக ஓடி இடுக்கெல்லாம் போனது. அந்த ஒரு நொடியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதை எழுத்தில் சொல்ல வரவில்லை.

பற்றரி மோட்டர் ஏன் போடவில்லை என்பதற்கு இதுதான் பதில். மோட்டர் போட்டால் எஞ்சின் ஓடும், நாங்கள் ஒன்றும் படித்திருக்க மாட்டோம். 20க்கு 1 என்று சின்னதாக்கினால் நீளம்தான் இருபதில் ஒன்று. சூடு வெளியே போகிற மேற்பரப்பு 400ல் ஒன்று. உள்ளே இருக்கிற தண்ணீர் 8,000ல் ஒன்று. அதனால் சின்னப் பொய்லர் பெரிய பொய்லரை விடச் சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறிப்போகும். எஞ்சினை நிறுத்தி வைக்க முடியாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அசலில் அந்தப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலையைச் செய்தவன் ஃபயர்மேன், மழையிலும் குளிரிலும் இராகலை ஏற்றத்தில். எங்கள் கலைப்பீடத்தில் "உழைப்பு" என்ற சொல்லை ஒரு செமஸ்டருக்கு நூறு தடவை எழுதுகிறோம். எத்தனை பேருக்கு ஒரு போல்ட்டுக்கு மரை வெட்டத் தெரியும்? எங்களுக்கும் தெரியாது, லேத் கடையில் நின்று பழகினோம். அங்கே தமிழ், சிங்களம், முஸ்லிம் பாஸ்மார் மூன்று பேர். ஒருத்தரும் எங்களிடம் எந்தப் பீடம் என்று கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "அளவு எடுத்தாச்சா?"

செலவையும் சொல்லிவிடுகிறோம், வெளிநாட்டுப் பணம் வாங்கி விளையாடுகிறார்கள் என்று ஒரு கதை ஓடுகிறதாம். இப்படி நீராவியில் ஓடுகிற மாடல் எஞ்சினைக் கடையில் வாங்கினால் விலை பல நூறு பவுன். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாவுக்கே 2021 வரை தெருவில் நிற்க வேண்டியிருந்த வீட்டுப் பிள்ளைகள் அதை நினைத்துப் பார்க்கவும் ஏலாது. சிலிண்டருக்குப் பித்தளை பழைய தண்ணீர்க் குழாய்த் திருகிலிருந்து. சிலிப்பர் கட்டை உடைந்த பலகைப் பெட்டி. கேஸ்தான் செலவு. அது ஆறு பேர் வகுப்பு எடுத்த ரியூசன் காசு. எங்கள் எஞ்சின் அசலின் சரியான பிரதி என்றும் நாங்கள் சொல்லவில்லை. வரைபடம் கையில் இல்லை, பழைய படங்களைப் பார்த்துச் செய்தோம், உள்ளே சிலிண்டர் ஆடுகிற வகை, அசலில் அப்படி இல்லை. ரயில் தெரிந்தவர்கள் பிழை பிடிக்கலாம். பிடியுங்கள், திருத்துகிறோம். எஞ்சினில் இவ்வளவு பிழை இருந்தும் அதை எடு என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அளவு பிசகாமல் செய்த ஒரே சாமான் லயம், அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள்.

அந்த மனுசனுக்கு நாங்கள் எழுதி அனுப்பிய பதில் மூன்று வரி. ஐயா, பாலத்தை எடுக்கச் சொன்னால் எடுக்கிறோம், எஞ்சினையே எடுக்கச் சொன்னாலும் எடுத்துவிட்டு வெறும் பாதையோடு வருகிறோம். லயம் இருக்கும். பங்களா வேண்டுமென்றால் வேறு யாராவது செய்து பக்கத்து மேசையில் வைக்கட்டும், அளவு மட்டும் 20க்கு 1 இருக்கட்டும், சனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கட்டும். பதில் வரவில்லை.

மாடலை இப்போது கொட்டிலிலேயே காட்டுகிறோம். போன ஞாயிறு லயத்திலிருந்து நாலு அம்மாமார் வந்தார்கள். எஞ்சினை ஒரு தரம் பார்த்துவிட்டு நேராகத் திறந்த காம்பராப் பக்கம் போனார்கள். ஒருத்தர் களிமண் அம்மாவை எடுத்து அடுப்புப் பக்கமிருந்து வாசல் பக்கம் வைத்தார். "இந்த நேரத்துல அவ பெரட்டுக்குப் போயிருப்பா" என்றார். இன்னொருத்தர் கூரையில் ஒரு மூலையைக் காட்டி, "இதுல ஒழுகணும்" என்றார். அந்த இடத்தில் இப்போது ஓட்டை போட்டிருக்கிறோம்.

வெள்ளிப் பற்றாசு போட்ட பொய்லருக்கு இன்னும் தண்ணீர்ச் சோதனை நடக்கவில்லை. வருகிற போயா அன்று காலை பத்து மணிக்கு. முன்பு இரவல் வாங்கிய கைப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். 100 இறாத்தல் வரை காட்டுகிற அழுத்தமானியோடு பம்ப் வைத்திருப்பவர்கள் யட்டவத்த, மாத்தளைப் பக்கம் இருந்தால் ஒரு நாளைக்குத் தாருங்கள். பொறியியல் அண்ணனுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம், வருவதாகச் சொன்னார், மூஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.